அந்தப் பள்ளிக்கூடக் கதவைத் திறக்க விடுங்கள்: நம் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டீர்கள். நம் தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் பழைய மாநகராட்சிப் பள்ளிக் கட்டடத்தை வீடற்ற பெண்களுக்கான இரவுக் காப்பகமாக மாற்றக் கூடாது, அதை எதிர்த்து கவுன்சிலரிடம் மனு கொடுப்போம் என்று. கை தூக்கச் சொன்னபோது நான் தூக்கவில்லை. ஆனால் எழுந்து நின்று எதிர்த்துப் பேசவும் இல்லை. அதற்கு அடுத்த தீர்மானம், வரும் பொங்கலன்று தெருவோரம் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க 40,000 ரூபாய் ஒதுக்குவது. அதற்கும் அதே கைகள் உயர்ந்தன. நடுவில் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன் என்பதால்தான் இன்று எழுதுகிறேன்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நான்கு வருடமாக வாரத்தில் இரண்டு இரவு வடசென்னையில் ஒரு பெண்கள் காப்பகத்துக்குப் போய் வருகிறேன். செவ்வாயும் சனியும். லிஃப்டில் என்னைப் பார்த்து "எங்க மேடம், இந்த நேரத்துல?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். "சும்மா, ஒரு வேலை" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். அங்கேதான் போனேன். அங்கே நான் பார்த்ததை வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நாம் பெருமையாக நினைப்பது அதைத்தான். அங்கே 38 பெண்கள் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் நான்கு குடும்பங்கள் சாப்பாட்டோடு வந்து இறங்கின. ஒரு பிறந்தநாள், இரண்டு திருமண நாள், ஒரு திதி. நான்கிலும் சாம்பார் சாதம், ஒரு இனிப்பு. பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். வேண்டாம் என்று சொன்னால் கொடுப்பவர்கள் மனம் நோகுமே என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். விடிந்ததும் நானும் சமையல்கார அக்காவும் புளித்துப்போன நாற்பது பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டோம். அதே வாரம் செவ்வாய்க்கிழமை கேஸ் தீர்ந்துவிட்டது. காலையில் டீ போட வழியில்லை. அன்று ஒருவரும் வரவில்லை, ஏனென்றால் அன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை.

சாப்பாடு கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. பசித்தவருக்குக் கொடுத்த சோறு வீண் போகாது. ஆனால் சென்னையில் 2013இலிருந்து அம்மா உணவகங்கள் இருக்கின்றன. ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்கு சாம்பார் சாதமும் கிடைக்கும் ஊர் இது. பிளாட்பாரத்தில் இருப்பவர் ஒரு வேளைச் சோற்றை எப்படியாவது தேடிக்கொள்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் பயமில்லாமல் கண்ணை மூட ஒரு இடத்தை மட்டும் அவரால் தேடிக்கொள்ள முடிவதில்லை. அப்படி ஒரு இடம் நம் தெருவுக்கே வந்தபோதுதான் நாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.

பொட்டலத்தோடு வரும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போட்டோ. போன வருடம் ஒரு குடும்பம் கேக் வெட்டி, வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தது. ஐம்பது வயதுப் பெண் ஒருவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "சிரிங்கம்மா, நல்லா வரும்" என்று அவர் கையை விலக்கினார்கள். அவருடைய மகளைத் திருவண்ணாமலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார். அம்மா சென்னையில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருக்கிறார் என்றுதான் சம்பந்தி வீட்டுக்குத் தெரியும். அந்தப் படம் யார் யார் போனுக்குப் போகுமோ என்று அவர் அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் சென்ற பொங்கலன்று இப்படி 22 படங்கள் போட்டோம். நான் எண்ணிப் பார்த்தேன்.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். அதில் மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். பாதுகாப்பு, வீட்டு மதிப்பு, "இது போன்ற நிலையங்களை ஊருக்கு வெளியே அமைப்பதே பொருத்தம்" என்பது. இரண்டாவதற்குத் தீர்மானத்தில் ஒரு வரி ஆதாரமும் இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

பாதுகாப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காப்பகத்தில் வருகைப் பதிவேடு உண்டு. பெயர், வயது, சொந்த ஊர், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், எல்லாம் அதில் இருக்கும். பொறுப்பாளர் ஒருவர் இரவு முழுக்க இருப்பார். கேமரா இருக்கும். அதே பெண் நம் தெருமுனை ஏடிஎம் வாசலில் படுத்திருந்தால் அவர் யாரென்று யாருக்கும் தெரியாது, அவருக்கு என்ன நடந்தாலும் யாருக்கும் தெரியாது. இதில் எது பாதுகாப்பு? நம் பாதுகாப்பைப் பற்றி நாம் பேசுகிறோம். அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசியும், இரவில் தெருவில் படுக்கும் ஒரு பெண்ணின் பாதுகாப்பைப் பற்றி ஒருவர் வாயிலும் ஒரு சொல் வரவில்லை.

ஏடிஎம் வாசல் என்று பொதுவாகச் சொல்லவில்லை. அங்கே ஒருவர் படுக்கிறார். உங்களில் மூன்று வீட்டுக்காரர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும், ஏனென்றால் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் அவர்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "பேரு மட்டும் போடாதீங்கம்மா, வேலை போயிடும்" என்றார். கணவர் இறந்த பிறகு வாடகை 4,500இலிருந்து 7,000 ஆனது. வேறு வீடு பார்த்தால் அட்வான்ஸ் 50,000 கேட்டார்கள். சாமான்களைத் தங்கை வீட்டில் போட்டார். அங்கே தங்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை நான் இங்கே எழுத மாட்டேன். இப்போது காலையில் நம் வீடுகள், மாலையில் ஒரு ஓட்டலில் பாத்திரம். முடிய இரவு பதினொன்று. நான் போகும் காப்பகம் இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஆட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய கூலியே போய்விடும்.

பொதுக் கழிப்பறையை இரவில் பூட்டிவிடுகிறார்கள். அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது. நான்தான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மழைக்காலத்தில் பக்கத்து மருந்துக்கடைப் படிக்கட்டுக்கு இடம் மாறுவார். அங்கே மூடிய ஷட்டரின் ஓரமாக உட்கார்ந்தபடியே தூங்குவார். ஒருநாள் அவர் சொன்னது: "கதவு போட்டுப் படுத்து மூணு வருசம் ஆச்சும்மா."

ஊருக்கு வெளியே வைத்தால் இவருக்கு என்ன பயன்? செங்கல்பட்டில் ஒரு கட்டில் போட்டு வைத்தால், காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டுப் பாத்திரத்தை எப்படி வந்து தேய்ப்பார்? வீடற்றவர் என்றால் வேலையற்றவர் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். என் காப்பகத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பூ கட்டுகிறார்கள், கோயம்பேட்டில் காய் பொறுக்கி விற்கிறார்கள், கல்யாண மண்டபங்களில் இலை எடுக்கிறார்கள், வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த நகரத்தின் வேலைகளை அவர்கள் செய்கிறார்கள். வேலை இருக்கும் இடத்தில் தங்க மட்டும் வழியில்லை.

இது நான் மட்டும் சொல்வதும் இல்லை. உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இலேயே, பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், அது வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2013இல் வந்த, மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலில், ஒவ்வொரு லட்சம் மக்கள்தொகைக்கும் நூறு பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி என்று இருக்கிறது. ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை என அவர்கள் கூடும் இடத்துக்குப் பக்கத்திலேயே அமைய வேண்டும் என்றும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படியே சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 66 லட்சம் பேருக்கு மேல். அப்படியென்றால் குறைந்தது 66 இடங்கள் வேண்டும். அத்தனை காப்பகமும் ஏதோ ஒரு தெருவில்தானே இருக்க முடியும்? ஒவ்வொரு தெருவும் நம்மைப் போலவே மனு கொடுத்தால் என்ன ஆகும்?

அந்தக் கட்டடத்தைப் பற்றி நீங்கள் மறந்துவிட்ட ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். 2015 டிசம்பர் 2ஆம் தேதி, அடையாற்றுத் தண்ணீர் நம் தரைத்தள வீடுகளுக்குள் கழுத்தளவு நின்றது. அன்று நாம் எங்கே போனோம்? அந்தப் பள்ளிக்கூடத்து முதல் மாடிக்கு. நான்கு இரவு. தலைவர் ஐயாவின் அம்மாவுக்கு அப்போது 80 வயது. ஐந்தாம் வகுப்பில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தோம். என் மகளுக்கு அந்த நேரம் பார்த்து மாதவிடாய். பக்கத்துக் குடிசைப் பகுதிப் பெண் ஒருவர் தன்னிடம் இருந்த புது நாப்கின் பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போனார். நம்மிடம் யாரும் ஆதார் கேட்கவில்லை. நாம் வந்ததால் தெருவுக்கு ஆபத்து என்று யாரும் கையெழுத்து வாங்கவில்லை. நான்கு இரவு வீடில்லாமல் இருந்தது எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன்.

இன்னொரு விஷயமும் என் மனதில் கிடக்கிறது. மே மாதம் நம் கேட்டுக்கு எதிரில் ஒரு இளம் பெண் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். தனக்குத்தானே பேசிக்கொண்டு, தலையெல்லாம் சடை பிடித்து. நாலாம் நாள் காலையில் வாட்ச்மேனிடம் சொல்லி வாளித் தண்ணீரை அவர் மேல் ஊற்றி விரட்டச் சொன்னோம். வாட்ச்மேன் தம்பி முடியாது என்று நின்றார், அவருக்கு மெமோ கொடுத்தோம். அந்தத் தம்பி செய்ததுதான் சரி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு இப்படித் திரிபவர்களைக் காவல்துறை தன் பாதுகாப்பில் எடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது, வீடில்லாதவரென்றால் காணாமல் போனவராகப் பதிவு செய்து குடும்பத்தைத் தேட வேண்டும் என்கிறது. நான் காவல் நிலையத்துக்குப் போய் இதைச் சொன்னதும் ஒரு பெண் காவலர் என்னோடு வந்தார். அந்தப் பெண் இப்போது சிகிச்சையில் இருக்கிறார். 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் இது. தெருவில் திரியும் பெண்களுக்காகவே 1993இல் இரண்டு இளம் பெண்கள் தி பான்யன் அமைப்பைத் தொடங்கியதும் இங்கேதான். வழி இருக்கிறது. நாம் வாளியை எடுத்தோம்.

நம் சங்கத்தில் உதவும் மனம் இல்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கோவிட் சமயத்தில் நம் பிளாக் பிள்ளைகள் எத்தனை பேருக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார்கள் என்று பார்த்தவள் நான். அந்த மனம் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்பதுதான் என் வருத்தம். அதனால், உண்மையில் என்ன தேவைப்படுகிறது என்று சொல்கிறேன்.

ஆள் தேவை. பணத்தைவிட அதிகமாக. அரசு மருத்துவமனையில் யாரையாவது சேர்க்கப் போனால் முதல் கேள்வி, "கூட யார் வந்திருக்காங்க?" கூட ஆள் இல்லாததால் காய்ச்சலோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்மில் ஓய்வு பெற்றவர்கள் இருபது பேராவது இருக்கிறோம். ஓபி சீட்டு வாங்க வரிசையில் நிற்கவும், ஸ்கேன் எடுக்கும்வரை பக்கத்தில் உட்காரவும் நம்மால் முடியும். ஏ பிளாக்கில் நர்ஸ் ஒருவர் இருக்கிறார், மாதம் ஒரு முறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துச் சொன்னால் போதும். கணக்காளர்கள் இருவர் இருக்கிறார்கள். இந்தக் காப்பகங்களை நடத்துவது சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்கள், கணக்கு எழுத ஆளில்லாமல் திண்டாடுகிறார்கள்.

அப்புறம் காகித வேலை. இது சாதாரணமாகத் தெரியும், ஆனால் ஒரு வாழ்க்கையையே மாற்றுவது இதுதான். காப்பகப் பொறுப்பாளர் உரிய படிவத்தில் சான்று கொடுத்தால் காப்பக முகவரியிலேயே ஆதார் எடுக்கலாம். ஆதார் வந்தால் வங்கிக் கணக்கு. கணக்கு வந்தால் முதியோர் உதவித்தொகைக்கோ ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கலாம், மாதம் 1,200 ரூபாய். நான் இதுவரை பதினொரு பேருக்கு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டிருக்கிறேன், ஏழு பேருக்குப் பணம் வருகிறது. வாக்காளர் அட்டை வாங்க இவர்களுக்கு முகவரிச் சான்றே வேண்டாம். படிவத்தில் எழுதிய இடத்தில் அவர் தூங்குகிறாரா என்று அலுவலர் ராத்திரியில் வந்து பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. பிளாட்பாரத்தில் படுப்பவர் அங்கே படுக்கிறார் என்பதையே சான்றாக ஏற்கும் விதி அது. முதல் அட்டையை வாங்கிக்கொண்ட பாட்டி அதைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார்.

பொருள் கொடுப்பதென்றால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு போன் செய்து கேளுங்கள். பழைய துணி மூட்டையில் ஜிகினா பாவாடையும் ஒற்றைச் செருப்பும் வந்தால், அதைப் பிரிக்கவே எங்களுக்கு ஒரு நாள் போகிறது. வேண்டியது புது உள்ளாடை, பெரிய அளவு நைட்டி, நாப்கின், போர்வை, கொசுவத்தி, பேன் மருந்து, பினாயில், சோப்பு. ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னால் பாய், பிளாஸ்டிக் ஷீட். இவையெல்லாம் கொடுக்கும்போது பெரிதாகத் தெரியாது, போட்டோவிலும் நன்றாக வராது.

பணமென்றால் விழாவுக்கு ஒரு தொகை கொடுப்பதைவிட மாதாமாதம் சிறு தொகை மேல். கேஸும் மின் கட்டணமும் மாதாமாதம்தான் வருகின்றன. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் பதிவு (80ஜி எனப்படுவது) உள்ள அமைப்புக்கு யுபிஐயிலோ காசோலையாகவோ கொடுங்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது. நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை, அதற்காகக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

தெருவில் ஒருவரைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாவிட்டால், மாநகராட்சிக்கு 1913. ஆதரவற்ற முதியவரென்றால் 14567. பெண்ணுக்கு ஆபத்தென்றால் 181, குழந்தையென்றால் 1098. உடம்பு முடியாமல் கிடந்தால் 108. இந்த ஐந்து எண்களையும் நம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

இப்போது நான் கேட்பவை.

அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். கவுன்சிலரிடம் மனு இன்னும் போகவில்லை என்று செயலாளர் சொன்னார். போக விடாதீர்கள். அதற்குப் பதிலாக, காப்பகம் வரட்டும், பொறுப்பாளர், கேமரா, கழிப்பறை, இரவு விளக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதிக் கேளுங்கள். அப்படிக் கேட்கும் கடிதத்தில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

பொங்கலுக்கு ஒதுக்கிய 40,000 ரூபாயைப் பன்னிரண்டாகப் பிரித்து, மாதாமாதம் ஒரு காப்பகத்துக்குக் கொடுங்கள். எந்தக் காப்பகம் என்பதை நீங்களே போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். போட்டோ எடுக்க வேண்டாம்.

செயற்குழுவிலிருந்து நான்கு பேர் என்னோடு ஒரு செவ்வாய்க்கிழமை இரவு வாருங்கள். எட்டு மணிக்குப் போய்ப் பதினொன்றுக்குத் திரும்பிவிடலாம். வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன். கேக், பரிசு எதுவும் வேண்டாம். உட்கார்ந்து பேசினால் போதும்.

வாட்ச்மேன் தம்பிக்குக் கொடுத்த மெமோவை ரத்து செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தக் காப்பகம் திறக்க எப்படியும் ஆறு மாதம் ஆகும். அதுவரை நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அந்த அக்கா, தரைத்தளத்தில் பணியாளர் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கும் காலி ஸ்டோர் ரூமில் இரவு படுக்கட்டும். உள்பக்கம் தாழ்ப்பாள் போட நான் ஆசாரியிடம் பேசிவிட்டேன், செலவு என்னுடையது. இரவில் அந்தக் கழிப்பறையைப் பூட்டாமல் விட வேண்டும். இதற்குப் பொதுக்குழு தேவையில்லை, தலைவரின் ஒரு கையெழுத்து போதும். வானிலை மையம் வெள்ளிக்கிழமையிலிருந்து மழை என்கிறது. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சி பிளாக், இரண்டாம் மாடியில் இருக்கும் உங்கள் உறுப்பினர்